ஆதியாகமமும் கொற்றலையாற்றுக் கற்கருவிகளும்: ஒரு திறனாய்வு

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துச் சபைகளில் கைக்குக் கை மாறி வரும் சிறு துண்டுநூல் ஒன்று நம் பார்வைக்கு வந்தது. எழுதியவர் பெயரோ அச்சகத்தின் பெயரோ அதில் இல்லை. பதினாறு பக்கங்களே கொண்ட அந்நூல் மனிதனின் தோற்றம், உலகின் முதல் நாகரிகங்கள், புறச்சமயங்களின் பிறப்பு ஆகிய அனைத்தையும் ஒரே காலக்கோட்டில் அடக்கிவிடுகின்றது. கி.மு. 4004-இல் படைப்பு, கி.மு. 2348-இல் ஜலப்பிரளயம், பின்னர் பாபேல் கோபுரம், அங்கிருந்து சிதறிய காமின் சந்ததியார் கிழக்கே வந்து இந்நாட்டிற் குடியேறினர், சபிக்கப்பட்ட அச்சந்ததியார் கொண்டுவந்த பேய் வழிபாடே தமிழரின் பழஞ்சமயம். இதுவே நூலின் சாரம்.

இத்தகையதொரு நூலை இறையியல் ஏட்டில் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்வது தகுமோ என வாசகர் வினவலாம். நூலின் தரம் கருதி நாம் இதை எடுத்துக்கொள்ளவில்லை. திருமுல்லைவாயிலில் ஓர் இல்லத்தில் நடந்த வேதபாடக் கூட்டத்தில் நாம் இருந்தோம். தொழிற்பேட்டையில் ஃபிட்டராகப் பணிபுரியும் ஒருவர் தம் மகனுடன் வந்திருந்தார். தம் குடும்பத்தில் முதன்முதல் திருமுழுக்குப் பெற்றவர் அவர். மகன் ஒன்பதாம் வகுப்பு மாணவன். பள்ளியிலிருந்து பூண்டி அகழ்வைப்பகத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டுக் கற்கருவிகளைக் கண்டு வந்தவன். அக்கல்லைச் செய்தவர் ஆதாமுக்கு முன்னா, பின்னா என்று அவன் கேட்டான். சற்று நேரம் கழித்துத் தந்தை வேறொன்று கேட்டார். வாழ்நாள் முழுவதும் எல்லையம்மனுக்குப் பொங்கலிட்டு மறைந்த தம் தாய் சபிக்கப்பட்ட சந்ததியைச் சேர்ந்தவரா என்பதே அவ்வினா. கூட்டத்தை நடத்தியவர் இரண்டுக்கும் விடையாக எடுத்துக் கொடுத்தது இத்துண்டுநூலைத்தான். நாமும் அன்று வாய்திறந்தோமில்லை. அந்தக் கடனையே இங்குத் தீர்க்க முயல்கிறோம்.

முதலில் பையனின் வினா. அவன் கண்ட கற்கள் யாவை? 1863 மே 30 அன்று இந்தியப் புவியியல் அளவைத் துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்துப் படைப்பயிற்சித் திடலருகே சரளைக்குழி ஒன்றில் மனிதன் செதுக்கிய கல்லொன்றைக் கண்டெடுத்தார். அவ்வாண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங் என்பாரும் திருவள்ளூருக்கு வடமேற்கே, கொற்றலையாற்றுக்கு அருகிலுள்ள அதிரம்பாக்கத்தில் அத்தகைய கருவிகளைப் பெருந்தொகையாகக் கண்டனர். உலகத் தொல்லியலில் சென்னையின் பெயர் நிலைபெற்றது இக்கைக்கோடரிகளாலேயே.

இந்த ஃபூட் யாருடைய மருமகன் என்பதை நம் சபையார் பலர் அறியார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு திருமறையைத் தமிழாக்கிய பீட்டர் பெர்சிவல் ஐயரின் மகளையே அவர் மணந்திருந்தார். பெர்சிவல் தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டியவர். 'தினவர்த்தமானி' இதழை நடத்தியவர். பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியர். ஆதியாகமத்தின் தமிழ்ச் சொற்களைத் தேர்ந்தவரும், ஆதியாகமத்தின் ஆண்டுக்கணக்கைக் கலங்கச் செய்த கல்லைக் கண்டவரும் ஒரே குடும்பத்தினர். டார்வினின் நூல் வெளிவந்து நான்காண்டுகளே ஆகியிருந்தன. கொலென்சோ பேராயரின் மோசே ஆகம ஆராய்ச்சி இங்கிலாந்தில் திருச்சபையைக் கொந்தளிக்கச் செய்துகொண்டிருந்த வேளை அது. அவ்வீட்டு உணவு மேசையில் என்ன உரையாடல் நடந்திருக்கும் என எண்ணிப் பார்க்க நமக்கு ஆவல் உண்டு. ஃபூட் திரட்டியவற்றை 1904-இல் சென்னை அரசு அருங்காட்சியகம் விலைக்குப் பெற்றது. ஏற்காட்டுத் திரித்துவ ஆலயத்தில் அவருக்கு நினைவுச்சின்னம் உள்ளது.

அதிரம்பாக்கத்தின் காலம் நெடுநாள் தெளிவாகவில்லை. அங்குக் கீழே கிடந்த களிமண்ணை அறிஞர் சிலர் 'ஆவடிப் பாறைப்படிவம்' எனக் கருதி விட்டுவிட்டனர். ஆம், நம் ஆவடியே. பத்துக்கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட ஒரு பாறைத் தொகுதி புவியியலில் ஆவடியின் பெயரால் வழங்குகின்றது. அத்துணைப் பழமையான மண்ணில் மனிதக் கருவி இருக்க இயலாதன்றோ? ஆயின் 1999 முதல் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் முதலியோர் நடத்திய அகழாய்வில் அக்களிமண் ஆவடிப் படிவம் அன்று, மிகப் பிற்பட்ட ஆற்றுப் படிவு என்பதும், அதனுள்ளேயே கருவிகள் புதைந்துள்ளன என்பதும் தெளிவாயின. 2011-இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி அவற்றுள் மிகப் பழையன ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை. எவ்வளவு குறைத்துக் கணித்தாலும் 10 இலட்சத்துக்குக் கீழே வாரா. 2018-இல் வெளியான மற்றோர் ஆய்வு, அங்கேயே வேறு முறையிற் செதுக்கப்பட்ட கருவிகளை 3,85,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவையாகக் காட்டிற்று. விலங்குகளின் பற்கள் சில கிடைத்தன. மனித எலும்பு ஒன்றும் கிடைக்கவில்லை.

துண்டுநூல் இவற்றைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அது கொண்டாடும் 4004 என்னும் எண்ணோ திருமறையில் எங்கும் இல்லை. அர்மா பேராயர் ஜேம்ஸ் அஷர் 1650-இல் கணித்து வெளியிட்டது அது. 1701 முதல் ஆங்கில வேதாகமத்தின் ஓரங்களில் அச்சாயிற்று. ஓரத்தில் இருந்தது காலப்போக்கில் வசனம்போல் மதிக்கப்பட்டது. அஷர் பெரும்புலவர்; அவர் காலத்து அறிவுக்கு அவர் குற்றவாளி அல்லர். ஆனால் அவர் கூட்டிய ஆண்டுகள் எபிரேய மூலத்துக்கு உரியவை. சமாரியரின் மோசே ஆகமத்தில் அவ்வெண்கள் வேறு. கிரேக்கச் செப்துவஜிந்தில் வேறு. கிரேக்கத்தைப் பின்பற்றிய ஆதிச்சபை படைப்பை ஏறத்தாழ கி.மு. 5500-இல் வைத்தது. அவர்களும் விசுவாசிகளே அன்றோ?

கி.மு. 2348-இல் உலகம் முழுவதும் நீரில் அழிந்தது என்பதை ஏற்போமாயின், சிந்து வெளியை என் செய்வது? அரப்பா, மொகஞ்சதாரோ நகரங்கள் கி.மு. 2600 முதல் 1900 வரை செழித்திருந்தன. துண்டுநூலின் பிரளயம் அந்நகரங்களின் நடுவயதில் வந்து விழுகின்றது. அங்குள்ள செங்கற் சுவர்களுக்கோ அது தெரியவில்லை.

இவ்விடர்ப்பாட்டை உணர்ந்த சிலர் வேறு வழி தேடுவர். ஆதியாகமம் 1:1-க்கும் 1:2-க்கும் இடையே எண்ணிறந்த ஆண்டுகளைப் புகுத்தி, அவ்விடைவெளியில் ஆதாமுக்கு முற்பட்ட ஓரினம் வாழ்ந்து அழிந்தது என்பர். ஸ்கோஃபீல்டு குறிப்புரையோடு 1909-இல் வெளிவந்த வேதாகமம் இடைவெளிக் கொள்கையைப் பரப்பிற்று. நம் கன்வென்ஷன் பந்தல்களிலும் இது கேட்கப்படுவதுண்டு. கல்லைச் செய்தவனுக்கு ஆதாமோடு உறவில்லை, ஆகவே கவலையும் இல்லை என இது முடிகின்றது. எளிய வழிதான். ஆயின் அதன் வரலாறு கறைபட்டது. ஆதாமுக்கு முன் மனிதர் இருந்தனர் என்று 1655-இல் எழுதிய ஐசக் லா பெய்ரேர் அதை எந்தத் தீய நோக்கத்தோடும் எழுதவில்லை. ஆயினும் பின்வந்தோர் அக்கருத்தைக் கொண்டு கறுத்த மக்களை ஆதாமின் குடும்பத்துக்கு வெளியே நிறுத்தினர். அடிமை வாணிபத்துக்கு அது நியாயம் ஆயிற்று. குடும்பத்தின் வாசலில் ஒரு கோடு கிழித்துவிட்டால் அக்கோட்டுக்கு வெளியே யாரை நிறுத்துவது என்பதை வலியவரே தீர்மானிப்பர். சாதியால் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டோர் மிகுந்த நம் சபைகள் இதனை அறியாதிருத்தல் வியப்பு.

ஆகவே நாம் பையனுக்குச் சொல்லத்தக்கது என்ன? ஆதாம் என்னும் எபிரேயச் சொல் தனியொருவனின் பெயராக மட்டும் வழங்குவதன்று. மனிதகுலம் முழுவதையும் குறிக்கும். 1:27-இல் அது ஆணும் பெண்ணுமாகிய மனிதகுலத்தைக் குறிப்பது தெளிவு. 2:7-இல் ஆதாம் அதாமாவிலிருந்து, அதாவது மண்ணிலிருந்து, உருவாக்கப்படுகிறான். நம் மொழியில் மண்ணன் எனலாம். தேவசாயல் என்பது மூளையின் எடையன்று. கருவி செய்யும் திறனுமன்று. தேவனால் அழைக்கப்பட்டு, அவருக்கு மறுமொழி கூறக் கடமைப்பட்டிருத்தலே அது. அவ்வழைப்பு எந்த ஆயிரமாண்டில் முதன்முதல் ஒலித்தது என்பதைக் கல்லும் சொல்லாது. ஆதியாகமமும் சொல்ல முற்படவில்லை. கொற்றலையாற்றங்கரையில் கூழாங்கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, உடைபடும் முகத்தைத் தேர்ந்து, இருபுறமும் ஒக்கச் செதுக்கிய அக்கை நம் இனமாகிய ஹோமோ சேப்பியன்ஸின் கை அன்று. நம்மினம் தோன்றியது அதற்கு நெடுங்காலம் பின்னர். ஆயினும் அக்கையைக் குடும்பத்துக்கு வெளியே தள்ளும் கோட்டை நாம் கிழிக்கமாட்டோம். எல்லா இனத்தாரையும் தேவன் ஒன்றினின்றே தோன்றப்பண்ணினார் எனப் பவுல் அத்தேனே பட்டணத்தாருக்கு உரைத்ததை (அப். 17:26) நாம் சுருக்கிப் படிப்பதைவிட விரித்துப் படிப்பதே பாதுகாப்பு.

இங்கு எதிர்ப்புறத்துப் பிழையையும் சொல்லியாக வேண்டும். 15 இலட்சம் ஆண்டு என்றவுடன் அதைத் தமிழினத்தின் பிறப்புச் சான்றாக மேடைகளில் முழங்குவோர் உளர். கீழடியில் கி.மு. ஆறாம் நூற்றாண்டு, சிவகளையின் இரும்புக்கு, 2025 சனவரியில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட அறிக்கையின்படி, கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டுவரை செல்லும் காலம். இவையெல்லாம் பெருமைக்குரிய ஆராய்ச்சிகளே, அறிஞரிடையே விவாதமும் தொடர்கின்றது. ஆனால் அதிரம்பாக்கத்துக் கல்லுக்கு மொழியும் இல்லை, இனமும் இல்லை. துண்டுநூலார் கல்லை மறைத்துத் தம் வம்சாவளியைக் காக்கின்றனர். மேடைப் பேச்சாளர் கல்லைக் காட்டித் தம் வம்சாவளியை நீட்டுகின்றனர். நமக்கொரு பேர் உண்டாக்குவோம் என்று செங்கல் சுட்டவர்களின் கதை ஆதியாகமம் 11-இல் உள்ளது. (திருவள்ளூரைச் சுற்றிய செங்கற் சூளைகளில் இன்று கல் அறுப்போர் பலர் ஒடிசாவிலிருந்து வந்தவர்கள், அவர்கள் மொழி நமக்கு விளங்காது. பாபேலைப் பற்றிப் பிரசங்கிப்போர் அச்சூளைகளையும் ஒருமுறை பார்த்து வரலாம்.)

இனி, தந்தையின் வினா. நம் மனத்தை அதிகம் வருத்தியது இதுவே.

காமின் சாபம் என்று துண்டுநூல் மூன்று பக்கங்கள் எழுதுகின்றது. ஆதியாகமம் 9:25-ஐ நூலாசிரியர் திறந்து பார்த்தாரா என்பது ஐயம். அங்குச் சபிக்கப்படுபவன் காம் அல்லன், கானான். சபிப்பவரும் தேவன் அல்லர். மதுமயக்கம் தெளிந்த நோவா. பத்தாம் அதிகாரத்து இனப்பட்டியலில் நம் நாடு இல்லை. மேலும் அப்பட்டியல் இரத்த உறவையோ மொழி உறவையோ முதன்மையாகக் கொண்டதன்று. கானானியரின் மொழி எபிரேயத்தின் உடன்பிறப்பு. பட்டியலோ கானானைக் காமின் மகனாக்குகின்றது. ஏலாமியரின் மொழி எபிரேயத்தோடு தொடர்பில்லாதது. பட்டியலோ ஏலாமைச் சேமின் மகனாக்குகின்றது (10:22). அன்றைய அரசுகளின் நட்பும் பகையும் அண்மையும் சேய்மையுமே அங்கு உறவுமுறையாகப் பேசப்படுகின்றன. வேடிக்கை என்னவெனில், ஏலாமிய மொழி திராவிட மொழிகளுக்கு உறவு என்று டேவிட் மக்ஆல்பின் 1981-இல் ஒரு நூலே எழுதினார். அறிஞர் பலர் அதனை ஏற்கவில்லை. ஏற்றிருப்பின், துண்டுநூலாரின் கணக்குப்படியே நாமெல்லாம் காமை விட்டுச் சேமின் வீட்டுக்குக் குடிபெயர்ந்திருப்போம்!

புறச்சமயம் எல்லாம் பேயின் படைப்பு என்பது நூலின் அடுத்த கூற்று. இப்பேச்சு நமக்குப் புதிதன்று. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் 1713-இல் 'அக்கியானம்' என்னும் தமிழ்ச் சிறுநூலை அச்சிட்டார். இந்நாட்டார் வழிபாட்டைக் கண்டிப்பது அது. அதே ஆண்டில் அதே கை மற்றொரு நூலையும் எழுதி முடித்தது: தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளி. பரம்பொருள் தொடங்கி ஐயனார், எல்லம்மன், மாரியம்மன், பிடாரி வரை மக்கள் எதனை எங்ஙனம் வணங்குகின்றனர், என்ன சொல்கின்றனர் என்று கேட்டுக் கேட்டு எழுதியது. அக்கியானம் உடனே மக்கள் கைக்குச் சென்றது. வம்சாவளியோ ஹாலே நகரத்தில் உறங்கிற்று. அஞ்ஞானத்தை ஒழிக்க அனுப்பினோமேயன்றி அதனை ஐரோப்பாவில் பரப்ப அனுப்பவில்லை என்பது அங்கிருந்த ஃபிராங்கேயின் கருத்து. 1867-இல்தான் கெர்மான் அதனைச் சென்னையில் அச்சேற்றினார். இடையே 154 ஆண்டுகள்! கண்டிக்கும் நூலைப் படித்து, கேட்டறியும் நூலைப் படிக்காமல் நம் சபை வளர்ந்தது. துண்டுநூலார் அந்த ஒற்றைக்கால் நடையைத்தான் இன்னும் தொடர்கின்றார். ஃபிட்டரின் தாய் வணங்கிய தெய்வத்தின் பெயர் நம்முடைய முதல் மிஷனரியின் ஏட்டில் பொறுமையாகப் பதிவாகியுள்ளது என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

நாம் புறச்சமயத்துக்கு வக்காலத்து வாங்குவதாக எவரும் கருதவேண்டா. ஆதியாகமம் தன்னைச் சூழ்ந்திருந்த சமயங்களோடு கடுமையாக வழக்காடும் நூலே. அவ்வழக்கு எதைப் பற்றியது என்பதே நாம் காண வேண்டுவது. பாபிலோனியரின் அத்ரகசிஸ் காவியத்தில் சிறுதேவர்கள் வாய்க்கால் வெட்டிச் சலித்து, கருவிகளைத் தீயிட்டு, வேலைநிறுத்தம் செய்கின்றனர். அவர்களின் சுமையைச் சுமக்க, கொல்லப்பட்ட தேவனொருவனின் இரத்தத்தைக் களிமண்ணோடு பிசைந்து மனிதனைச் செய்கின்றனர். அங்கே மனிதன் கூலி. சுமேரியரின் அரசர் பட்டியலில் அரசுரிமை விண்ணிலிருந்து இறங்குகின்றது. ஆதியாகமத்திலும் மனிதன் மண்ணே. ஆனால் அவன் எவருடைய சுமைக்காகவும் செய்யப்பட்டவன் அல்லன். அரசனுக்கு மட்டும் உரியதென்று அக்கால உலகம் கருதிய தேவசாயலை அது ஆண், பெண் அனைவருக்கும் அளிக்கின்றது. ஏழாம் நாளில் ஓய்வு படைப்பிலேயே நெய்யப்பட்டிருக்கின்றது. மூன்று ஷிஃப்டில் உழைத்து, ஞாயிறும் மிகைநேரப் பணிக்கு அழைக்கப்படும் அம்பத்தூர்த் தொழிலாளிக்கு இதைவிட நேரான நற்செய்தி வேறு உண்டோ? துண்டுநூலில் இதற்கு ஒரு வரியும் ஒதுக்கப்படவில்லை.

நாகரிகத்தின் தொடக்கம் பற்றி நான்காம் அதிகாரம் கூறுவது இன்னும் கூர்மையானது. பட்டணத்தை முதலில் கட்டியவன் காயீன். அவன் மரபிலேயே யூபாலின் சுரமண்டலமும் தூபால்காயீனின் உலைக்களமும் தோன்றுகின்றன. இசையும் இரும்பும் தேவர்கள் இறக்கிக் கொடுத்தவை அல்ல, மனிதன் கண்டவை. அவற்றை ஆதியாகமம் பழிக்கவும் இல்லை. ஆனால் அப்பட்டணத்துக்கு அடியில் ஆபேலின் இரத்தம் இருக்கிறது என்பதை அது மறக்கவிடுவதுமில்லை.

இதற்கு ஒப்பானதொன்று அக்கூட்டம் நடந்த ஊரிலேயே உள்ளது. திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலின் கருவறை முன் எருக்கந்தூண்கள் இரண்டு நிற்கின்றன. தொண்டைமான் குறும்பரை வென்று அவர்களின் கோட்டையிலிருந்து கொண்டுவந்து நாட்டியவை என்பது தலமரபு. குறும்பர் புழலில் கோட்டை கட்டி ஆண்டவர்கள் என்றும் அம்மரபே சொல்கின்றது. கோட்டை கட்டியவர்கள் தோற்றபின் காட்டு மனிதராகவும் கொடியவராகவும் கதைகளில் நிலைத்துவிட்டனர். அவர்கள் தரப்பைச் சொல்ல எஞ்சியவை அத்தூண்களே. வென்றவன் எழுதும் வம்சாவளியில் தோற்றவன் அரக்கனாகிறான். எங்கும் இதுவே வழக்கம். காமின் சந்ததி என்று தன் அயலானின் தாயை எழுதும் துண்டுநூலும் தன்னை அறியாமல் அவ்வழக்கத்தையே பின்பற்றுகின்றது. ரோமர் முதலாம் அதிகாரத்தை அது நீளமாக எடுத்தாள்கின்றது. இரண்டாம் அதிகாரத்தின் முதல் வசனத்தில், பிறரைக் குற்றவாளியாகத் தீர்ப்பவனைப் பார்த்தே பவுல் திரும்புகின்றார். அங்கு வருமுன் துண்டுநூலின் மேற்கோள் நின்றுவிட்டது.

திருமறை தன் மக்களுக்குக் கற்பித்த வம்சாவளி வேறு வகையானது. சீகேமில் யோசுவா பேசத் தொடங்கும்போது முதலில் நினைவூட்டுவது, ஆபிரகாமின் தந்தை தேராகு வேறே தேவர்களைச் சேவித்தவன் என்பதையே (யோசுவா 24:2). எசேக்கியேல் இன்னும் கடுமையாக, எருசலேமின் தகப்பன் எமோரியன், தாய் ஏத்தித்தி என்கிறார் (16:3). முதற்பலனைக் கூடையில் கொண்டுவருபவன் அலைந்து திரிந்த அரமேயனைத் தன் தகப்பன் என்று அறிக்கையிட வேண்டும் (உபா. 26:5). இவற்றில் பெருமையும் இல்லை; முன்னோரைத் தூற்றுவதும் இல்லை. லீஸ்திராவிலே பவுல், சென்ற காலங்களில் எல்லா ஜனங்களையும் அவரவர் வழியில் நடக்கவிட்ட தேவன், மழையையும் விளைச்சலையும் தந்து தமக்குச் சாட்சி இல்லாதபடி விட்டதில்லை என்றார் (அப். 14:16-17). தைமாதத்தில் புத்தரிசியைப் பானையிலிட்டுப் பொங்கவைத்த ஒரு தாயின் கைகளை அந்த மழைக்கும் விளைச்சலுக்கும் வெளியே வைக்க நமக்கு அதிகாரம் யார் தந்தது? அவருடைய நித்திய நிலையைத் தீர்ப்பது நம் பணியன்று. அவரைச் சபிக்கப்பட்டவர் எனல் திருமறையின் சொல்லுமன்று.

அடுத்த மாதக் கூட்டத்தில் இவ்வசனங்களை வாசித்தோம். தேராகைப் பற்றிய வசனத்தை இன்னொரு முறை வாசிக்கும்படி ஃபிட்டர் கேட்டார். வாசித்தபின், இத்தனை ஆண்டுகளில் முதன்முறையாகத் தம் தாயின் பெயரை அக்கூட்டத்தில் சொன்னார். அவர் எந்த ஊரில் பிறந்தார், எத்தனை பிள்ளைகளை வளர்த்தார் என்பதையும் சொன்னார். துண்டுநூலைக் கொடுத்த சகோதரரும் கேட்டுக்கொண்டிருந்தார். பையனுக்கு நம் விடை முழு நிறைவு தரவில்லை. கல்லைச் செதுக்கியவர் ஜெபம் செய்திருப்பாரா என்று இப்பொழுது கேட்கிறான். வரும் கோடை விடுமுறையில் அவனோடு பூண்டிக்குச் சென்றுவர இசைந்திருக்கிறோம்.